பிள்ளைப்பெற்ற வீட்டுக்கு யார் போவது?

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள், ஸ்காபரோவிலுள்ள ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பதினோராவது மாடிக்குச் சரக்குக் கறியும் கையுமாகப் போயிருந்தேன். முதற் பிள்ளை பெற்று ஆறு நாட்களேயான ஓர் இளம் தாய். வன்னியில் என்னிடம் படித்த மாணவி ஒருத்தியின் தங்கை. கனடாவுக்கு வந்து ஒன்றரை வருடம். அகதி மனு விசாரணைக்குத் திகதி பார்த்திருக்கும் குடும்பம். கணவனுக்குப் பகலில் ஒரு தொழிற்சாலை, இரவில் ஓர் உணவகம். கதவைத் திறந்தவளின் முகத்தைக் கண்டதுமே, அவள் அன்று முழுவதும் எவரோடும் பேசியிருக்கவில்லை என்பது எனக்கு விளங்கிற்று.

ஜன்னலோரம் துணி விரித்துக் குழந்தையைக் கிடத்தியிருந்தாள். "பிள்ளை கொஞ்சம் மஞ்சளாய்க் கிடக்கு ரீச்சர். அம்மா வாட்ஸ்அப்பில பாத்திட்டு இளவெயில் காட்டச் சொன்னவ" என்றாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கிளிநொச்சி முற்றத்து வெயிலை நினைத்துச் சொல்லப்பட்ட புத்திமதி, ரொறன்ரோவின் கண்ணாடி ஜன்னலில் வந்து நின்றது. குழந்தையைத் தூக்கினேன்; விழிக்கவில்லை. பால் குடிக்க எழுப்பினாலும் இரண்டு வாய் இழுத்துவிட்டு உறங்கிவிடுகிறதாம். முதல் நாள் இரவிலிருந்து டயப்பர் ஒரே ஒரு தடவைதான் நனைந்திருந்தது. மூன்றாம் நாள் வைத்தியரிடம் காட்டும்படி தந்த திகதி, கணவனுக்கு லீவு கிடையாததாலும் பனியில் தனியே இறங்கப் பயந்ததாலும் தவறிப் போயிருந்தது. பொதுச் சுகாதாரத் தாதி தொலைபேசியில் விட்டிருந்த தகவலையும் அவள் கேட்கவில்லை. "தெரியாத நம்பர் ரீச்சர். காசு கட்டச் சொல்லி ஆரும் எடுக்கினமோ எண்டு பயத்தில விட்டிட்டன்."

அன்று மாலையே வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். இரண்டு நாட்கள் நீல ஒளியின் கீழ் வைத்திருந்து அனுப்பினார்கள். பிள்ளை இப்போது நலம். அந்தத் தாயின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பிறந்த குழந்தைகளிற் பலருக்குச் சிறிது மஞ்சள் தோன்றி மறைவது இயல்பே. ஆனால் அது கூடிக் குழந்தை சோர்ந்து பால் மறுக்குமாயின், மூளையையும் செவிப்புலனையும் நிரந்தரமாகப் பாதிக்கக்கூடியது. வெயில் அதற்கு மருந்தாகாது. ஒரு நாள் பிந்தியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

இதில் எவரையும் குறைகூற நான் வரவில்லை. வைத்தியசாலை இருந்தது. வைத்தியர் திகதி தந்திருந்தார். தாதி தொலைபேசி எடுத்திருந்தார். கணவன் குடும்பத்துக்காகவே உழைத்துக்கொண்டிருந்தான். ஊரிலிருந்த தாயும் தனக்குத் தெரிந்ததையே சொன்னாள். இல்லாமற்போனது ஒன்றுதான்: அந்தப் படலையைத் திறந்து உள்ளே வந்து பிள்ளையைத் தூக்கிப் பார்க்கும் ஓர் அனுபவமுள்ள பெண். அந்த இடத்தை எந்த அரசாங்கமும் எமக்காக முழுமையாக நிரப்பித் தரப்போவதில்லை. அது எமது சமூகம் நிரப்ப வேண்டிய இடம் என்பதே என் கருத்து.

எமது ஊர்களில் அந்தப் படலையைத் திறந்து வந்தவர்களை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். துவிச்சக்கர வண்டியில், வெள்ளைச் சேலையும் தோளில் ஒரு பையுமாக வரும் மருத்துவமாது. பின்னாளில் குடும்பநல மாது என்று அழைத்தோம். யார் வீட்டில் யார் எத்தனை மாதம் என்பது அவருடைய கொப்பியில் இருக்கும். இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926 இல் களுத்துறையில் அமைக்கப்பட்டது. அங்கிருந்து பரவிய ஏற்பாட்டின் விளைவு சாதாரணமானதல்ல. 1930களில் அத்தீவில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 2010களின் பிற்பகுதியில் அத்தொகை நாற்பதுக்கும் கீழே இறங்கிவிட்டது. பணக்கார நாடாக மாறாமலேயே இதைச் சாதித்ததற்காக, மலேசியாவையும் இலங்கையையும் உதாரணமாக எடுத்து உலக வங்கி 2003 இல் ஒரு நூலே வெளியிட்டது. இலவசக் கல்வியும் பெண்களின் எழுத்தறிவும் இதற்குத் துணை நின்றன என்பதை ஓர் ஆசிரியையாக நான் குறிப்பிடாமல் விட முடியாது.

ஆனால் அந்த மாது தனியே இதைச் செய்யவில்லை. அவருடைய கிளினிக் பெரும்பாலும் எங்கள் பாடசாலை மண்டபத்திலோ சனசமூக நிலையத்திலோதான் நடக்கும். தராசைத் தூக்கி வந்து கட்டுவது ஊர் இளைஞர். திரிபோஷாப் பைகளைக் கணக்கெடுப்பது மாதர் சங்கத்துப் பெண்கள். வராத தாயை வீட்டுக்குப் போய்க் கூட்டி வருவது அயல் வீட்டு ஆச்சி. 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது நாங்கள் ஒரு பாடசாலை வகுப்பறையில் ஒதுங்கியிருந்தோம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒரு குடும்பநல மாது வந்து, "இஞ்ச ஆர் ஆர் வயித்தில பிள்ளையோட இருக்கிறியள்?" என்று வாசலில் நின்று கேட்டார். அவரும் இடம்பெயர்ந்து வந்தவர்தான். அடுத்த வாரம் அந்த வகுப்பறையில் கரும்பலகைக்குப் பின்னால் ஒரு பிரசவம் நடந்தது. சேலைகளை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருத்தி. ஒன்றுமே இல்லாதிருந்த அந்த நாட்களில் இருந்த ஒன்று, எல்லாம் நிறைந்த இந்த நகரத்தில் ஏன் இல்லை?

இந்த நகரத்திலும் ஒரு காலத்தில் ஓரளவு இருந்தது என்று முன்பு வந்தவர்கள் சொல்வார்கள். 1980களின் பிற்பகுதியில் எம்மவர் பார்லிமெண்ட், வெல்லஸ்லி வீதிகளின் அருகேயுள்ள சென் ஜேம்ஸ் ரவுண் கட்டடங்களில் நெருக்கமாக வாழ்ந்தனர். ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் லிஃப்ற்றில் ஏறிப் பத்துப் பேர் வருவார்களாம். இப்போது மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ரன் என்று பரந்துவிட்டோம். வீடுகள் பெரிதாகிவிட்டன. நேற்று வந்தவர்களோ அவ்வீடுகளின் நிலக்கீழ் அறைகளில் இருக்கிறார்கள். மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் இடையே வாடகையைத் தவிர வேறு பேச்சில்லாத இடங்களையும் நான் கண்டிருக்கிறேன்.

"எல்லாம் வைத்தியர்கள் பார்ப்பார்கள், நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்ல விரும்புகிறேன். ஒன்று நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் நடந்தது. கிராமத்துப் பெண்களை மாதம் ஒரு முறை கூட்டி, அவர்களுள் ஒருத்தியே நடத்த, கர்ப்ப காலத்திலும் பிரசவத்திலும் தாங்கள் கண்ட இடர்களைப் பேசித் தீர்வு தேட வைத்தார்கள். அவ்வளவுதான். 2004 இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான முடிவின்படி, குழுக்கள் இயங்கிய இடங்களில் பிறந்து ஒரு மாதத்துள் இறந்த சிசுக்கள் ஆயிரத்துக்கு 26. இயங்காத இடங்களில் 37. பின்னர் இந்தியாவின் ஜார்க்கண்ட், ஒரிசா மாநிலங்களிலும் இதையொத்த பலன் கிடைத்தது.

நேபாளம் வேறு, கனடா வேறு என்பீர்கள். மற்றையது எமது ஒன்ராறியோவிலேயே நடந்தது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை சிண்டி-லீ டெனிஸ் தலைமையில், மகப்பேற்றின் பின் மனச்சோர்வு வரக்கூடிய நிலையிலிருந்த 701 தாய்மாரை இரு பகுதியாக்கினார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு. மறு பகுதியினருக்கு அதனோடு ஒரு தொலைபேசித் தோழி. அத்தோழிகள் வைத்தியர்களுமல்லர், தாதிகளுமல்லர். முன்பு அதே மனச்சோர்வுக்குள் கிடந்து மீண்ட சாதாரணத் தாய்மார். நான்கு மணி நேரப் பயிற்சி பெற்றவர்கள். பன்னிரண்டு வாரங்களின் பின் பார்த்தபோது, தோழி இல்லாதவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. தோழி கிடைத்தவர்களில் 14 பேருக்கே இருந்தன. இது 2009 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியாயிற்று. நான்கு மணி நேரப் பயிற்சியும் ஒரு தொலைபேசியும்! எமது சங்கங்களால் தாங்க முடியாத செலவு என்று எவர் சொல்வார்?

இந்த மனச்சோர்வைப் பற்றி எம்மவர் வாய் திறப்பதில்லை. பிள்ளை பெற்ற மகிழ்ச்சியில் இருக்க வேண்டியவள் ஏன் அழுகிறாள் என்று கேட்போம். கண்ணூறு என்போம். சிலர் தாய்க்குப் பிள்ளையில் பாசமில்லை என்றும் சொல்லிவிடுவார்கள். போரில் சகோதரனைப் பறிகொடுத்தவள், முகாமில் இருந்தவள், தாயை ஊரில் விட்டு வந்தவள், நாடு கடத்தப்படுவோமோ என்ற அச்சத்தோடு பிள்ளையைச் சுமந்தவள் அழாமல் வேறு என்ன செய்வாள்? அது ஒரு நோய். கேட்டால் வெளிவரும், கவனித்தால் மாறும்.

எமது பழைய வழக்கங்கள் எல்லாம் மூடத்தனம் என்று தள்ளுவோரோடும் எனக்கு உடன்பாடில்லை. முப்பத்தொரு நாள் துடக்கு என்ற பெயரில், பெற்றவளை அடுப்படிப் பக்கம் வரவிடாமல், பத்தியக் கறியும் சரக்கும் சமைத்துக் கொடுத்து, எண்ணெய் தேய்த்து வெந்நீர் வார்த்துக் கிடத்திய ஏற்பாட்டின் உட்பொருள் ஓய்வுதான். இங்கே துடக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஓய்வை விட்டுவிட்டோம். தீட்டென்று மற்றவர்கள் வராமல் இருக்கிறார்கள், சமைப்பதோ பெற்றவளே. இதைவிடப் பிழையான கலப்பு வேறில்லை. அதேவேளை, குழந்தைக்குக் கற்கண்டுத் தண்ணீர் பருக்குவதையும், முதற் பாலைப் பீய்ச்சி ஊற்றுவதையும், குப்புறப் படுக்க வைப்பதையும் ஆச்சிமார் விட்டுவிட வேண்டும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும். அதனோடு இந்நாட்டில் வைட்டமின் 'டி' துளிகள். உறக்கத்தில் மல்லாக்கக் கிடத்தல். இவற்றை இளம் தாய்க்குச் சொல்லிப் பயனில்லை, மாமியாருக்குச் சொல்ல வேண்டும் என்பது என் அனுபவம். ஆகவே முதியோர் சங்கக் கூட்டங்களில் இவை பேசப்பட வேண்டும்.

சலரோகத்தையும் அங்கேயே பேசலாம். ரொறன்ரோவுக்கு அடுத்துள்ள பீல் பிராந்தியத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தென்னாசியக் கர்ப்பிணித் தாய்மாரிடம் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தினர் நடத்திய ஆய்வில், மூவரில் ஒருவருக்கு மேல் கர்ப்பகாலச் சலரோகம் இருந்தது. "ரெண்டு உயிருக்குச் சாப்பிடு பிள்ளை" என்று கோப்பை நிறையச் சோறு போடும் கைகள் அன்பான கைகள்தாம். அன்பை மறுக்க ஒரு மருமகளால் முடியாது. கர்ப்பத்தின் 24 ஆம் வாரத்துக்கும் 28 ஆம் வாரத்துக்கும் இடையில் செய்யப்படும் இனிப்புத் தண்ணீர்ப் பரிசோதனையை ஒருவரும் தவறவிடலாகாது.

இனி, புதிதாக வந்த குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய சில. அகதி மனுச் செய்தவர்களுக்கான மத்திய அரசின் இடைக்கால சுகாதாரத் திட்டம் கர்ப்பகாலப் பரிசோதனைகளுக்கும் பிரசவத்துக்கும் உரியது. 2012 இல் அன்றைய அரசாங்கம் இத்திட்டத்தை வெட்டியபோது வைத்தியர்களே வெள்ளை அங்கியோடு வீதிக்கு வந்தார்கள். 2014 இல் சமஷ்டி நீதிமன்றம் அவ்வெட்டு கொடூரமானது என்று தீர்ப்பளித்தது. 2016 சித்திரையில் திட்டம் முழுமையாக மீட்கப்பட்டது. ஆயினும் அன்று பரவிய பயம் இன்றும் காதுக்குக் காது உலாவுகிறது. "எங்களுக்கு ஒண்டும் கிடையாதாம்" என்று எட்டாம் மாதம்வரை வைத்தியரிடம் போகாதிருந்த ஒரு பெண்ணை நான் அறிவேன். இங்கு பிறக்கும் பிள்ளைக்கு ஓகிப் அட்டை பெறப் பெற்றோரின் மனு முடியும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை.

மற்றொன்று மருத்துவிச்சிகளைப் பற்றியது. அந்தச் சொல்லைக் கேட்டதுமே எம்மவர் முகம் சுளிக்கிறார்கள்; "கனடாவுக்கு வந்தும் மருத்துவிச்சியோ?" என்று. ஒன்ராறியோவில் 1994 முதல் அவர்கள் சட்டத்தால் அங்கீகரிக்கப்பட்ட, பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் கற்ற வல்லுநர்கள். வைத்தியசாலையிலேயே பிரசவம் பார்ப்பார்கள். பிள்ளை பிறந்த முதல் வாரத்தில் வீடு தேடி வருவார்கள். ஆறு வாரம்வரை தாயையும் சேயையும் கவனிப்பார்கள். மாகாணத்தில் வசிப்பவர்களுக்கு ஓகிப் இல்லாவிடினும் கட்டணம் இல்லை. அந்தப் பதினோராம் மாடித் தாய்க்கு இது தெரிந்திருந்தால், வெயிலைத் தேடியிருக்கத் தேவையில்லை. சமூக சுகாதார நிலையங்களும் ஓகிப் இல்லாதவர்களைப் பார்க்கின்றன. 1998 இல் ஒன்ராறியோ தொடங்கிய 'ஹெல்தி பேபீஸ் ஹெல்தி சில்ரன்' திட்டத்தின் தாதி எடுக்கும் அழைப்பு காசு கேட்கும் அழைப்பல்ல. தயவுசெய்து எடுத்துப் பேசுங்கள். தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். இரவில் சந்தேகம் வந்தால் 811 இலக்கத்தில் ஒரு தாதியோடு பேசலாம்.

மொழிபெயர்ப்பு என்றதும் ஒரு காட்சி நினைவுக்கு வருகிறது. ஒரு வைத்தியசாலைக் காத்திருப்பறையில், பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், தன் தாயின் இரத்தப்போக்கைப் பற்றித் தாதி கேட்ட கேள்வியைத் தமிழாக்க முடியாமல் தரையைப் பார்த்தபடி நின்றான். தாயும் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். "ஒண்டுமில்லை எண்டு சொல்லு" என்றாள். அவளுக்கு ஒன்றுமில்லாமல் இருக்கவில்லை. அங்கே ஒரு பெண்ணைத் துணைக்கு அனுப்ப எமது இத்தனை அமைப்புகளில் ஒன்றுக்கும் வழியில்லையா?

அமைப்புகளுக்குக் குறைவில்லை. ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கோவில்கள், தேவாலயங்கள். ஊரில் கிணறு வெட்டவும் பாடசாலைக்குக் கூரை போடவும் இவை செய்த உதவிகளைப் போற்றுகிறேன். ஆனால் மண்டபம் எடுத்து ஆயிரம் டொலர் கணக்கில் பூப்புனித நீராட்டுக்குச் செலவிடும் நாம், யாழ்ப்பாணத்தில் எம்மில் பெரும்பாலோர் அறிந்தேயிராத வளைகாப்பையும் இப்போது மேடை அலங்காரத்தோடு நடத்துகிறோம். வளையல் அடுக்கிய கைக்கு, பிள்ளை பிறந்த மறுவாரம் ஒரு கோப்பை சூப் கொடுக்க ஆளில்லை. எமது சங்கமொன்றின் பொதுக்கூட்டத்தில் நான் இதை எழுப்பியபோது, நிர்வாகத்தில் ஒருவர், "ரீச்சர், இது பொம்பிளையளின்ர விசயம். மகளிர் அணியோட கதையுங்கோ" என்றார். மகளிர் அணி அப்போது பின்னால் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தது. கர்ப்பிணியை வைத்தியரிடம் ஏற்றிச் செல்லக் கார் ஓடுவதும், இரவு வேலைக்காரக் கணவனுக்கு ஒரு நாள் மாற்றாள் தேடிக் கொடுப்பதும் ஆண்கள் செய்யக்கூடிய காரியங்களே.

ஒரு தடையை மறைக்காமல் சொல்ல வேண்டும். எமது பெண்கள் பலர் தமிழ் மொழிபெயர்ப்பாளரையே வேண்டாமென்கிறார்கள். வீட்டுக் கதை ஊர்க் கதையாகிவிடும் என்ற பயம். அது நியாயமான பயமுங்கூட. உதவிக்குப் போனவள், "அவளுக்கு மூளை சரியில்லையாம்" என்று கோவில் வீதியில் சொல்லிவிட்டால், அந்தத் தாய் இன்னொரு முறை கதவைத் திறக்க மாட்டாள். எனவே இதில் சேரும் பெண்கள் பொதுச் சுகாதாரத் தாதியொருவரிடம் பயிற்சி பெறவும், கேட்டதை வெளியிடுவதில்லையென எழுதிக் கொடுக்கவும் வேண்டும். தன் ஊரவர் அல்லாத துணையைக் கேட்கும் உரிமை தாய்க்கு இருக்க வேண்டும். மருந்து சொல்வது அவர்களது வேலையல்ல. பிள்ளை குடிக்கிறதா, நனைக்கிறதா, தாய் உறங்குகிறாளா, காய்ச்சல் உண்டா, இரத்தம் கூடப் போகிறதா என்று பார்த்து, உரிய இடத்துக்கு உடனே அனுப்புவதுதான் வேலை. அவர்கள் கையிற் கொடுக்கும் துண்டுப் பிரசுரமும் ஒரு தாய்க்கு விளங்கும் தமிழில் இருக்க வேண்டும். 1850களிலேயே மானிப்பாயில் வைத்தியர் கிறீன் பிரசவ வைத்திய நூலைத் தமிழில் தந்தார். இன்று என் மேசையிலிருக்கும் சில பிரசுரங்களை, ஆங்கில மூலம் பக்கத்தில் இல்லாமல் என்னாலேயே வாசிக்க முடியவில்லை.

பணத்துக்கும் வழியுண்டு. கர்ப்பிணிகளின் போஷாக்குக்கென மத்திய அரசு 1990களின் நடுப்பகுதியில் தொடங்கிய திட்டம், உள்ளூர்ச் சமூக அமைப்புகளூடாகவே நிதி வழங்கி வருகிறது. அதைத் தேடி விண்ணப்பிக்க ஒருவர் அமர வேண்டும், அவ்வளவே.

மாசி மாதத்துக்குப் பின் நான் சும்மா இருக்கவில்லை. இதுவரை ஒன்பது பெண்கள் தங்கள் பெயரைத் தந்திருக்கிறார்கள். இருவர் ஊரில் குடும்பநல மாதாகப் பணியாற்றியவர்கள். இங்கே ஒருவர் தொழிற்சாலையில் பொதி கட்டுகிறார், மற்றவர் பேரப்பிள்ளை பார்க்கிறார். அவர்களுடைய அறிவு முப்பது வருட அறிவு. சனிக்கிழமை பிற்பகலில் மாதம் இரண்டு தடவை கூடுவதற்கு ஓர் அறையும், முதல் வருடத்துக்குத் தொலைபேசிச் செலவும், பனிக்காலத்தில் கார் ஓடத்தக்க நான்கைந்து பேரும் வேண்டும். எமது சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் மறுபடியும் எழுந்து கேட்பேன். அறையுள்ள கோவிலோ சங்கமோ அதற்கு முன்பே முன்வருமாயின், இப்பத்திரிகை அலுவலகத்தினூடாக எனக்கு அறிவிக்கலாம்.